முதலில் கையைப் பாருங்கள்

போன தை மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு கணவன் மனைவி எங்கள் சிலைக் கடைக்கு வந்தார்கள். பத்து நாளில் கிரகப்பிரவேசம். அந்தத் தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். "டீச்சர், ஹால் ஷோகேஸ்ல நடுக் கட்டம். அகலம் ஒண்ணேகால் அடி, உயரம் ஒண்ணரை. கோல்டு கலர்ல எதுனா குடுங்க."

எதுனா. இந்தச் சொல்லை வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்கிறேன். பெண் பார்க்கப் போகிறவர்கள் தரகரிடம் 'அஞ்சடி ரெண்டங்குலம், மாநிறம், எதுனா' என்று சொல்வதில்லையே. சிலையும் ஓர் ஆள்தான். அந்த ஆளுக்கு ஒரு பெயர் உண்டு, கதை உண்டு. ஏதோ ஒரு காரியத்தின் நடுவில் உறைந்து நிற்கிற ஆள். அது என்ன காரியம் என்று தெரிந்துவிட்டால், எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

நான் அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் டிராயிங் டீச்சர். வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டை. எங்க வீட்டுக்காரர் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருந்தார். முட்டி தேய்ந்ததும் பட்டறையை விட்டுவிட்டு பெங்களூரு ரோட்டில் சிலைக் கடை போட்டார். நான் ரிட்டையர் ஆனதும் கல்லாவில் உட்கார்ந்தேன். அவருக்குக் கல் தெரியும். எனக்குக் கையும் முகமும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வகுப்பில் பிள்ளைகள் முகத்தைத்தான் முதலில் வரைவார்கள். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள், வரையக் கஷ்டம் என்று. சிலை வாங்குகிறவர்களும் அப்படித்தான், முகம் சாந்தமாக இருந்தால் போதும் என்று எடுத்துவிடுகிறார்கள். ஆனால் முகம் எல்லாப் புத்தருக்கும் ஒன்றுதான். கதை கையில் இருக்கிறது.

வலது கை முட்டிக்கு மேலாகத் தொங்கி, விரல்நுனி தரையைத் தொடுகிறதா? அது பூமிஸ்பரிச முத்திரை. போதி மரத்தடியில் ஞானம் பெற்ற இரவில், தியானத்தைக் கலைக்கப் பார்க்கும் மாரன் வந்து, 'இந்த இடத்தில் உட்கார உனக்கு என்ன தகுதி, யார் சாட்சி' என்று கேட்க, இந்தப் பூமிதான் சாட்சி என்று தொட்டுக் காட்டிய கை. அசைக்க முடியாதவர் என்பது பொருள். கனமான, தாழ்வான பீடம் கேட்கிற சிலை இது. ஒல்லியான கண்ணாடித் தட்டில் வைத்தால், தொட்ட பூமியே ஆடுகிற மாதிரி இருக்கும்.

இரண்டு கையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் தியானம். பூஜை அறைக்குப் பக்கத்து மூலை, புத்தக அலமாரி, ஜன்னலோர நாற்காலிக்கு எதிர்ப்பக்கம், எங்கே சத்தம் குறைவோ அங்கே. டிவிக்கு மேல் மட்டும் வேண்டாம். நம் கண் டிவியில் இருக்கும், அவர் மேலே கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டிருப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

வலது கை தோளளவுக்கு உயர்ந்து உள்ளங்கை வெளியே தெரிந்தால் அபயம். 'அஞ்சாதே' என்கிற கை. என் மாணவன் ஒருவன் இதை 'டிராபிக் போலீஸ் புத்தர்' என்பான். நம்ம ஊர் அம்மன், முருகன், நடராஜர் எல்லோரிடமும் இருக்கிற அதே கைதான். வாசலுக்கு நேராக, உள்ளே வருகிறவரைப் பார்த்தபடி வைக்க இதைவிடப் பொருத்தமான சிலை கிடையாது. நெஞ்சருகே இரண்டு கையும் சேர்ந்து விரல்கள் வளையம் போட்டிருந்தால், சாரநாத்தில் முதல் உபதேசம் செய்த கை, தர்மசக்கரம். பிள்ளைகள் படிக்கிற மேசைப் பக்கம் வையுங்கள். படிப்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இனி நான் செய்த தப்பு. எங்கள் பெண் ஓசூரில் அபார்ட்மென்ட் வாங்கியபோது சாய்ந்து படுத்திருக்கும் புத்தரைக் கொடுத்தேன், இரண்டடி நீளம், மரநிறம். படுத்திருக்கிறாரே என்று படுக்கை அறையில், கட்டிலின் தலைமாட்டில் நானே வைத்தேன். ஒரு மாதம் கழித்து அவளோடு வேலை செய்கிற சிக்கிம் பெண் வீட்டுக்கு வந்திருக்கிறாள். சிலையைப் பார்த்ததும் கைகூப்பிவிட்டு, ரொம்ப மெதுவாக, "இது அவர் உயிர் விடுற கோலம், தெரியுமா?" என்று கேட்டாளாம். குசிநகரத்தில் இரண்டு சால மரங்களுக்கு நடுவில், வலது பக்கம் சாய்ந்து, வடக்கே தலை வைத்துப் படுத்த பரிநிர்வாணம். வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்று சின்ன வயதிலிருந்து அந்தப் பெண்ணைத் திட்டி வளர்த்தவள் நான்! துக்கச் சிலை என்று அவர்கள் அதை ஒதுக்குவதில்லை, வணங்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் இளம் தம்பதியின் தலைமாடு அதற்கான இடமில்லை. இப்போது அது ஹாலில், நீளமான தாழ்ந்த மேசையில் தனியாக இருக்கிறது. அங்கே அழகாகவும் இருக்கிறது.

சிரிக்கிற தொப்பைக்காரருக்கு வருவோம். லாஃபிங் புத்தா என்று கேட்டு வாங்குகிறோமே, அவர் கௌதம புத்தர் இல்லை. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவில் அலைந்து திரிந்த ஒரு துறவி. புதாய் என்று பெயர், துணிமூட்டை என்று அர்த்தம். கையில் கிடைத்ததையெல்லாம் மூட்டையில் போட்டுக்கொண்டு, சுற்றி வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் என்று கதை. இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் அவதாரமாக அவரை நினைக்கிறார்கள். சீனக் கோயில்களில் முதல் மண்டபத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அதனால் அவர் இடம் வாசல்தான், வருகிறவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். காசு கொடுத்து நாமே வாங்கக் கூடாது, பரிசாகத்தான் வர வேண்டும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு. இதனால் எங்கள் கடையில் அக்காவும் தங்கையும் ஆளுக்கொன்று வாங்கி, கடை வாசலிலேயே மாற்றிக்கொண்டு போனார்கள். எனக்கென்ன, இரண்டு வியாபாரம்.

தலை மட்டும் தனியாக விற்கிற புத்தர் விஷயத்தில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒத்துப்போவதில்லை. நான் கல்லாவில் இருந்தால் தர மாட்டேன், அவர் இருந்தால் தருவார். இந்தத் தலைகள் ஃபேஷனானதே, கோயில் சிலைகளிலிருந்து தலையை உடைத்து எடுத்துப்போய் விற்றதன் தொடர்ச்சியாகத்தான். தாய்லாந்தின் அயுத்தியா 1767-இல் பர்மியப் படையிடம் விழுந்தது. அங்கே வாட் மகாதாட் கோயிலில் ஒரு புத்தர் தலை மட்டும் மர வேர்களுக்குள் சிக்கிக் கிடக்கிறது. போட்டோ எடுக்கிறவர்கள்கூட அந்தத் தலைக்கு மேலே நிற்காமல் குனிந்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும் என்று கட்டுப்பாடு. அவ்வளவு தூரம் எதற்கு, சேலத்தில் 'தலைவெட்டி முனியப்பன்' கோயில் இருக்கிறதே. தாமரைப் பீடம், மடியில் தியானக் கை, சுருள் முடி, நீண்ட காது. துண்டான தலையை சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். தொல்லியல் துறை ஆய்வு செய்து புத்தர்தான் என்று சொல்ல, 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்தது. அதே மாவட்டத்தில் தியாகனூரிலும் பெரிய புத்தர் இருக்கிறார், உட்கார்ந்த கோலம், தலையோடு. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிறகு தலை வேண்டுமா முழுசு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

பேங்காக் டூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கிருந்து புத்தர் சிலையை வெளியே கொண்டுவர அந்த நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஏர்போர்ட்டில் போய்க் கெஞ்ச வேண்டாம்.

சீனத்துச் சிங்கங்கள் இப்போது கேட்டுக்கு இரண்டு பக்கமும் நிறைய வருகின்றன, கிரானைட்டிலேயே செய்யச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒன்று மட்டும் போதும், இடம் இல்லை என்பவர்களுக்கு என் பதில்: அப்படியென்றால் வேண்டாம். அது ஜோடி. காலடியில் பந்து வைத்திருப்பது ஆண், குட்டியை வைத்திருப்பது பெண். பந்து உலகத்தையும், குட்டி வீட்டையும் காப்பதாகச் சொல்வார்கள். வாசலில் நின்று தெருவைப் பார்த்தால் ஆண் உங்கள் இடது பக்கம், பெண் வலது பக்கம். சீனாவில் சிங்கமே கிடையாது. பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்த உருவம் அது. நம் கோயில் யாளி வாயில் உருளும் கல்பந்தை விரலால் தள்ளி விளையாடியவர்களுக்கு இந்தப் பந்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஜப்பானில் இதே ஜோடிக்கு ஒன்றின் வாய் திறந்திருக்கும், மற்றதன் வாய் மூடியிருக்கும். திறந்த வாய் 'அ', மூடிய வாய் 'ம்'. இரண்டும் சேர்ந்தால் நம்ம ஓங்காரம்தான். இதைச் சொன்னதும் பர்கூர் வாத்தியார் ஒருவர் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார்.

கை ஆட்டும் பூனை ஜப்பான் சரக்கு, மனேகி நெகோ. டோக்கியோவில் கோடோகுஜி என்ற கோயிலில் இந்தப் பூனை பொம்மைகளை ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். மழையில் வந்த ஒரு பிரபுவை அந்தக் கோயில் பூனை கையசைத்து உள்ளே கூப்பிட்டு இடியிலிருந்து காப்பாற்றியது என்பது அங்கத்துக் கதை. பலர் இதை 'டாட்டா' காட்டுவதாக நினைக்கிறார்கள். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரலை மடக்கி 'வா வா' என்கிறது. நாமும் குழந்தையை அப்படித்தானே கூப்பிடுவோம்! வலது கை தூக்கினால் காசு, இடது கை தூக்கினால் ஆள். கடைக்கு இடது கைப் பூனை, வாசலைப் பார்த்து. வீட்டுக்கு எது என்று கேட்டால், உங்கள் வீட்டுக்கு எது குறைச்சலோ அது.

தருமா பொம்மை சிவப்பாக, கை கால் இல்லாமல், முறைத்துக்கொண்டு இருக்கும். அது போதிதருமர். தென்னிந்தியாவிலிருந்து சீனா போனவர் என்பது அவர்கள் மரபு. ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்ததில் கால் போய்விட்டது என்பார்கள். தள்ளினால் எழுந்துகொள்ளும், நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரி. கண் இரண்டும் வெறுமையாக வரும். ஒரு காரியம் நினைத்து ஒரு கண் வரைய வேண்டும், முடிந்ததும் மறு கண். பத்தாவது படிக்கிற பிள்ளை உள்ள வீட்டுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். எங்கள் வீட்டில் ஒன்று நாலு வருஷமாக ஒற்றைக் கண்ணோடு இருக்கிறது. என்ன நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

வெள்ளை அங்கியில் கையில் சிறு குடுவையோடு நிற்கும் பெண் குவான்யின். அவலோகிதேசுவரர் என்கிற ஆண் போதிசத்துவர்தான் (புத்தராகும் வழியில் இருப்பவர்) சீனாவில் இப்படிப் பெண்ணாக மாறினார். அவர் இருக்கும் மலை பொதாலகம் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அது நம் பொதிகை மலைதான் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷு ஹிகோசாகா எழுதியிருக்கிறார். குடுவையிலிருப்பது கருணை நீர், அதனால் தண்ணீர்ப் பானைக்குப் பக்கம், செடிகளுக்கு நடுவில் வைத்தால் பொருத்தமாக இருக்கும்.

நடராஜரை வீட்டில் வைக்கலாமா என்று வாரம் ஒருவர் கேட்பார். பூஜையில் வைப்பதென்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், நான் அதில் தலையிட மாட்டேன். ஹாலில் கலைப் பொருளாக வைப்பதென்றால் முதலில் படித்துவிடுங்கள்: பின் வலது கையில் உடுக்கை, படைப்பு. பின் இடது கையில் தீ, அழிப்பு. முன் வலது கை அபயம். முன் இடது கை யானைத் துதிக்கை போல் குறுக்கே வந்து, தூக்கிய காலைக் காட்டுகிறது, அடைக்கலம் அங்கே என்று. ஊன்றிய காலுக்குக் கீழே முயலகன், அறியாமை. 2004-இல் இந்தியா ஜெனீவா அருகே செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்ததும் இந்த உருவம்தான், இரண்டு மீட்டர் உயரம். வாங்கும்போது சுற்றியிருக்கும் தீ வளையமான திருவாசியை விட்டு இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் விடுங்கள். ஷோகேஸுக்குள் நெருக்கித் திணித்தால் ஆட்டம் நின்றுபோகும்.

கல்லைப் பற்றி வீட்டுக்காரர் சொன்னது

'ஸ்டோன்' என்று எழுதி ஒட்டியிருப்பதெல்லாம் கல் இல்லை. பாதிக்கு மேல் கல்பொடி கலந்த ரெசின், பிளாஸ்டிக் மாதிரிப் பிசின். வாங்கலாம், தப்பில்லை, ஆனால் கல் விலை கொடுக்காதீர்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கல் சில்லென்று இருக்கும். நாணயத்தால் தட்டுங்கள், ரெசின் டொக்கென்று அமுங்கிய சத்தம் தரும். தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். பக்கவாட்டில் காது, தோள் வழியாக அச்சுக்கோடு ஓடினால் அது வார்த்தது. ஒரு கன அடி கிரானைட் சுமார் 75 கிலோ என்பதை மனதில் வையுங்கள். ஒன்றரை அடிச் சிலையை 'கருங்கல்' என்று சொல்லி ஒரு கையால் தூக்கிக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அதே காரணத்தால், நிஜக் கல் வாங்கினால் மர ஷெல்ஃபில் வைக்காதீர்கள், தரையில் அல்லது கடப்பா மேடையில்.

சுவாமிமலை வார்ப்பு வாங்க நினைத்தால் கடையைவிட அங்கேயே போய்ப் பார்ப்பது நல்லது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். 'உள்ளே கெட்டியா, வெற்றுக் கூடா?' என்று கேளுங்கள்.

அடுத்து தண்ணீர். புத்தர் தலைக்குப் பின்னாலிருந்து நீர் வழியும் ஃபவுண்டன் ஒன்றை நாங்களே வீட்டில் வைத்தோம். எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியும். மூன்றே மாதத்தில் புத்தருக்கு வெள்ளைத் தாடி, மோட்டார் அடைத்துக்கொண்டது. இப்போது மழைத்தண்ணீர் பிடித்து வைத்து அதை மட்டும்தான் ஊற்றுகிறோம். சிலையைத் துடைக்கவும் அதுதான். வெள்ளை மார்பிளில் எலுமிச்சை, வினிகர் படவே கூடாது, பளபளப்பை அரித்துவிடும். பித்தளைக்குப் புளி போதும், தேய்த்த பிறகு ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஆனால் மூலைமுடுக்கில் படிந்த அந்தக் கருமையைச் சுரண்டாதீர்கள். அந்தக் கருமைதான் கண்ணையும் விரலையும் எடுத்துக் காட்டுகிறது. ரெசின் சிலை மேற்கு வெயிலில் ஒரு கோடை தாங்காது, நிறம் வெளுத்துவிடும்.

இன்னொன்று, இது எங்கள் மாவட்டங்களுக்கே உரியது. வாளோடு வீரன் செதுக்கிய பலகைக் கல் நிலத்தை உழும்போது கிடைக்கும், ஏரிக்கரையில் நிற்கும். நடுகல். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒருவர் 'போர்ட்டிகோவுல வச்சா கிராண்டா இருக்கும், பாலிஷ் போட்டுத் தாங்க' என்று வண்டியோடு வந்தார். வீட்டுக்காரர் வண்டியை உள்ளேயே விடவில்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அப்படிக் கல்லைக் கண்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். பார்க்க ஆசையாக இருந்தால் தருமபுரி அகழ்வைப்பகத்தில் (தொல்பொருள் காட்சிக்கூடம்) வரிசையாக வைத்திருக்கிறார்கள். வாள் பிடித்த கையையும், மேலே அவனைச் சொர்க்கத்துக்குத் தூக்கிப் போகும் பெண்களின் கையையும் அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்.

உயரமும் வெளிச்சமும்

இது டிராயிங் டீச்சர் பேச்சு. புத்தரின் இமை பாதி மூடி, பார்வை கீழே இறங்கியிருக்கும். அதனால் உட்கார்ந்த புத்தரை நீங்கள் உட்காரும்போதுள்ள கண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வைத்தால்தான் அவர் உங்களைப் பார்ப்பார். அதற்குக் கீழே வைத்தால் தூங்கி வழிகிற மாதிரி தெரியும். நடனம், நின்ற கோலம் எல்லாம் நின்று பார்க்கிற மட்டத்தில். யானை, ஆமை, சிங்கம் தரைக்கு உரியவை, மேலே ஏற்றாதீர்கள்.

இன்டீரியர் செய்கிறவர்கள் கீழேயிருந்து லைட் அடிப்பார்கள். பிள்ளைகள் இருட்டில் தாடைக்குக் கீழே டார்ச் பிடித்துப் பேய் காட்டுவார்களே, அதேதான். வெளிச்சம் மேலேயிருந்து, கொஞ்சம் முன்னால், ஒரு பக்கமாகச் சாய்ந்து விழட்டும். அப்போதுதான் மூக்கின் நிழல் ஒரு கன்னத்தில் விழுந்து முகம் உயிர்பெறும். மஞ்சள் பல்ப் கல்லுக்கும் பித்தளைக்கும் நல்லது. சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடம் விடுங்கள். பின்னால் விழும் நிழலும் சிலையின் பாகம்தான். ஒரு தட்டில் ஒருவர் மட்டும் இருக்கட்டும். நடராஜரும் பூனையும் தொப்பைக்காரரும் ஒரே ஷோகேஸில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இருக்கும். சந்தையாவது சாயங்காலம் கலைந்துவிடும்.

காவேரிப்பட்டணத்துத் தம்பியிடம் அன்றைக்கு ஒரே கேள்விதான் கேட்டேன்: அந்த ஷோகேஸுக்கு எதிரே யார் உட்காருவார்கள்? "எங்க ஆயா. நாள் பூரா அங்கதான். கண்ணு சரியா தெரியாது, வாசல்ல யாராச்சும் வந்தா பயந்துக்கும்," என்றாள் அவன் மனைவி. நான் அபய முத்திரைப் புத்தர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். பித்தளை, கோல்டு கலர்தான். தம்பி டேப்பை இழுத்து அளந்தார். உயரம் சரி, அகலம் சரி. நீட்டிய கை மட்டும் ஷோகேஸின் கண்ணாடிக் கதவைத் தாண்டி ஒரு அங்குலம் வெளியே வரும்.

"கை கொஞ்சம் உள்ள வர்ற மாதிரி வேற இருக்கா டீச்சர்?"

அந்தப் பெண் முந்திக்கொண்டாள். "ஏங்க, கதவைக் கழட்டிடலாங்க."

கழற்றிவிட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது பார்த்தேன். ஷோகேஸில் நடுக் கட்டத்துக்கு மட்டும் கண்ணாடி இல்லை. ஆயா தன் நாற்காலியிலிருந்தபடியே கையை நீட்டி அந்த உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த இடம் இப்போதே கொஞ்சம் பளபளப்பாகியிருக்கும்.